பருவமே இல்லாத ஊர் என்று யார் சொன்னது?

புதிதாக வீடு கட்டி முடித்தவர்களுக்குத் தோட்டம் போட்டுத் தருபவர்கள் சொல்லும் யோசனை இன்று அநேகமாக ஒன்றுதான். முன்புறம் மெக்சிகன் புல் விரிக்க வேண்டும். காம்பவுண்டு சுவரை ஒட்டி அரேகா பாம் வரிசை, மூலைக்கு ஒரு ஃபாக்ஸ்டெயில் பாம். நடைபாதை ஓரம் மஞ்சள் டுராண்டாவைக் கத்தரித்து ஒரு குட்டை வேலி, நடுவில் நாலைந்து குரோட்டன்ஸ். இடம் கொஞ்சம் பெரிதாக இருந்து, பக்கத்து வீட்டுப் பார்வை படக்கூடாது என்றால் கோனோகார்பஸ். “வருஷம் முழுக்க இப்படியே இருக்கும் சார். இலை கொட்டாது, பூ உதிராது, குப்பையே சேராது” என்று உறுதியும் தருவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வீடும் கோவை சரவணம்பட்டியில் இருக்கும் வீடும் திருச்சியில் இருக்கும் வீடும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி ஆகிவிட்டதற்கு இந்த யோசனைதான் காரணம்.

இதற்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. நம் ஊரில் பருவங்களே கிடையாது, வெயில் காலமும் இன்னும் கொஞ்சம் வெயில் காலமும்தான் உண்டு என்பது முதலாவது. ஆண்டு முழுவதும் அழகாக இருக்கும் தோட்டம் என்றால் ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்கும் தோட்டம் என்பது இரண்டாவது. முதலாவது உண்மைக்கு மாறானது. இரண்டாவது, தோட்டம் எதற்கு என்பதையே மறந்துவிட்ட கருத்து. படித்தவர்கள், கட்டடக் கலைஞர்கள், பத்திரிகைகள் எல்லோரும் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி நிலைநாட்டிவிட்டதால், கொஞ்சம் விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

பருவம் இல்லை என்பவர்கள் மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு ஒரு முறை சித்திரையிலும் ஒரு முறை மார்கழியிலும் போய்வரட்டும். சித்திரையில் மல்லிகை குவிந்து கிடக்கும், விலை விழுந்து விவசாயி தவிப்பார். மார்கழி, தை மாதங்களில் அதே மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும், அப்போதும் கிடைக்காது. பனியில் குண்டுமல்லி மொட்டு வைக்காது என்பதுதான் காரணம். தலைக்குப் பூ வாங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இது தெரியும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த தொல்காப்பியம் பிறந்த மொழியில் இதைப் புதிதாக நிரூபிக்க வேண்டியிருப்பது வேதனை. ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதமாகப் போகும் அந்தப் பகுப்பு இன்றைக்கும் தோட்டத்தில் செல்லுபடியாகிறது. நாம்தான் ஜனவரி, பிப்ரவரி என்று எண்ணத் தொடங்கியதும் மண்ணில் நடப்பதைப் பார்க்காமல் விட்டோம்.

மழையின் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சென்னைக்கு ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். லண்டனுக்குச் சுமார் 600. நமக்கு அவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் மழை பெய்கிறது. ஆனால் லண்டன் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்து பெய்கிறது, வெயிலும் மென்மையானது, ஆகவே அங்கே புல் தானாகப் பச்சையாக இருக்கிறது. நம் மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சராசரியாகப் பத்து மில்லிமீட்டர்கூடத் தேறாது. இவ்வளவு கூர்மையான ஏற்ற இறக்கம் உள்ள ஊரைப் பருவமற்ற ஊர் என்று சொல்லி, எல்லா மாதமும் சீராக மழை பெய்யும் ஊரின் புல்வெளியை இங்கே விரிக்கிறோம்.

அந்தப் புல்வெளிக்கு என்ன ஆகிறது? கோடையில் சென்னை போன்ற ஊரில் ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் ஈரம் ஆவியாகப் போகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 500 சதுர அடிப் புல்தரை சுமார் 46 சதுர மீட்டர். அதைப் பச்சையாக வைத்திருக்க ஒரு நாளைக்குச் சுமார் 230 லிட்டர் தண்ணீர் வேண்டும். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வகுத்திருக்கும் அளவு 135 லிட்டர். முன்வாசல் புல்லுக்கு இரண்டு ஆள் தண்ணீருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றுகிறோம். நூறு கோடை நாள் கணக்கிட்டால் 12,000 லிட்டர் லாரி இரண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அந்த ஆண்டு எந்தப் புல்வெளி “வருஷம் முழுக்க இப்படியே” இருந்தது? முதலில் காய்ந்தது அதுதான். மாறாத பச்சை என்று விற்கப்பட்டது நல்ல மழை ஆண்டுகளில் மட்டும் செல்லுபடியாகும் பச்சை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கோனோகார்பஸ். வேகமாக வளரும், எந்த மண்ணிலும் பச்சை மாறாது என்று நாடு முழுவதும் வேலி வேலியாக நட்டார்கள். நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் வேர் நெருக்குகிறது, மகரந்தம் ஒவ்வாமையைத் தருகிறது என்று புகார்கள் குவிந்து, 2023-இல் குஜராத் அரசு அதை நடவே தடை விதித்தது. ஒரு செடி பன்னிரண்டு மாதமும் பச்சையாக நிற்கும் என்பது மட்டுமே அதற்கான தகுதி ஆகிவிடும்போது இப்படித்தான் நடக்கும்.

இனி இரண்டாவது நம்பிக்கை. மாறாத தோட்டம் அழகானதா? குரோட்டன்ஸ் இலையின் நிறம் வாங்கிய வாரத்தில் கண்ணைப் பறிக்கும். மூன்றாம் மாதம் வீட்டார் யாரும் அதைப் பார்ப்பதில்லை, அது சுவரோடு சுவராகிவிடும். பவழமல்லி வைத்திருக்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆவணி முடிகிற சமயம், ஒரு விடியற்காலையில் வாசலில் முதல் நாலு பூ கிடக்கும். வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். புரட்டாசியில் தரை முழுக்க வெள்ளையும் பவழ நிறமுமாகப் பரவும், பாட்டி கூடையை எடுத்துக்கொண்டு போவார், பேத்தி பின்னால் போவாள். கார்த்திகை கழியும்போது குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். மற்ற மாதங்களில் பார்த்தும் பார்க்காமல் இருந்த ஒரு சொரசொரப்பான இலைமரம் அந்த வீட்டின் ஆண்டுக்கு ஓர் அடையாளம் ஆகிறது. ஒரு தோட்டம் ஆண்டு முழுவதும் ஈர்க்க வேண்டும் என்றால் அடுத்து என்ன வரும் என்று வீட்டார் காத்திருக்க வேண்டும். மாறாத செடிக்காக யாரும் காத்திருப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். பருவத்துக்குப் பூக்கும் செடிகளை நம்பினால் இரண்டு மாதம் சொர்க்கம், பத்து மாதம் வெறும் குச்சி என்கிறார்கள். இப்படி ஆன தோட்டங்கள் நிறைய உண்டு என்பதும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் பருவச் செடிகள் என்பது தவறு. காரணம், நாம் நர்சரிக்குப் போகும் மாதம். பெரும்பாலோர் பொங்கலை ஒட்டித்தான் செடி வாங்கப் போகிறார்கள். வெயில் இதமாக இருக்கிறது, நர்சரியில் எல்லாம் பூத்திருக்கிறது. பெட்டூனியா, டேலியா, செவ்வந்தி, ரோஜா என்று பூவோடு இருப்பதை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். எல்லாமே தையில் பூக்கும் செடிகள் என்பதால் அந்தத் தோட்டத்துக்கு ஆண்டில் தை மாதம் ஒன்றுதான் இருக்கும். மே மாதம் உதகை மலர்க் கண்காட்சிக்குப் போய் ஹைட்ரேஞ்சியாவும் ஃபியூஷியாவும் வாங்கி வந்து சேலத்து வெயிலில் வைப்பவர்கள் இன்னும் பெரிய தவறைச் செய்கிறார்கள். செடியின் மேல் குற்றம் இல்லை. மாடியும் சுவரும் வரைபடம் போட்டுக் கட்டுகிறோம், தோட்டத்தை மட்டும் கண்ணுக்குப் பட்டதை வாங்கி நிரப்புகிறோம்.

திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மல்லிகைக் குடும்பம் ஒன்றே போதும். நம்மிடம் மல்லிகை என்று ஒரு செடி இல்லை, ஒரு தொடரோட்டமே இருக்கிறது. குண்டுமல்லி பங்குனியில் தொடங்கி கோடை முழுக்கப் பூக்கும், வெயில் ஏற ஏற மணம் கூடும். அது தளரும் ஆனி, ஆடியில் முல்லை எழும். ஊசி மொட்டாக, மாலையில் விரிந்து, கார்காலம் முழுக்க வரும். பழந்தமிழர் முல்லையைக் கார்காலத்தோடு சேர்த்து வைத்தது கற்பனை இல்லை, இன்றைக்கும் தோட்டத்தில் நின்று சரிபார்க்கக்கூடிய உண்மை. அதோடு கூடவே பிச்சி, வடக்கே ஜாதிமல்லி என்று சொல்வது, இளஞ்சிவப்பு அடியோடு ஐப்பசி, கார்த்திகை வரை நீளும். பனிக்காலத்தில் மற்ற மூன்றும் ஓயும்போது காக்கடா இருக்கிறது. மணம் குறைவு, ஆனால் பூவுக்குக் குறைவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட நட்சத்திர மல்லிகை கோ 1 என்ற ரகமும் பனி மாதங்களில் கைவிடாது.

இந்த ஓட்டம் தானாக நடக்காது, கவாத்து செய்ய வேண்டும். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில், பிச்சியை டிசம்பர் கடைசியில், முல்லையை ஜனவரி கடைசியில் வெட்டிவிட வேண்டும். குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுத் துணிந்து வெட்டலாம். புதிதாக வரும் தளிரில்தான் மொட்டு வைக்கும். “எங்கள் வீட்டு மல்லி இலையாகவே இருக்கிறது, பூக்கவே இல்லை” என்பவர்களில் பலர் கத்தரியைத் தொடாதவர்கள். தலா ஒரு செடி வைக்க நான்கு தொட்டி போதும், அல்லது சுவர் ஓரம் பத்து அடி. அரேகா பாம் வரிசைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி.

மல்லிகையைப் போலவே மற்றதையும் மாதத்தோடு பொருத்திப் பார்க்கலாம். இதில் நான் பின்பற்றச் சொல்வது ஒரே முறை. நல்ல மாதத்திலிருந்து தொடங்காதீர்கள், கடினமான மாதத்திலிருந்து தொடங்குங்கள். தை மாதத்தில் எந்தத் தோட்டமும் அழகாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சமவெளியில் தோட்டத்தைச் சோதிப்பவை இரண்டு காலங்கள்: சித்திரைக் கடைசியும் வைகாசியும் சேர்ந்த அக்னி நட்சத்திரம், அடைமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை. இந்த இரண்டு காலங்களிலும் பார்க்கத் தகுந்ததாக ஒரு தோட்டம் இருந்தால் மற்ற எட்டு மாதம் தானே வந்து சேரும்.

வைகாசிக்கு என்ன இருக்கிறது? ஏராளமாக இருக்கிறது, அதுதான் பலருக்கும் தெரிவதில்லை. நம் மண்ணின் மரங்கள் பல கொடும் வெயிலில்தான் பூக்கின்றன. பங்குனியில் புங்கம் பழைய இலையை உதிர்த்துவிட்டுக் கண்ணாடி போன்ற தளிரை விடும், அதன் நிழலில் நின்றவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். சித்திரையில் வேம்பு பூக்கும், அந்தப் பூ இல்லாமல் வருடப்பிறப்புப் பச்சடி இல்லை. சரக்கொன்றை இலை எல்லாம் கொட்டிவிட்டு முழு மரமும் மஞ்சள் சரமாகத் தொங்கும். மகிழம் நல்ல இருட்டு நிழலைக் கொடுத்துக்கொண்டே சின்னச் சின்ன நட்சத்திரங்களை உதிர்க்கும், காய்ந்த பிறகும் அவற்றுக்கு மணம் போகாது. இடம் இல்லாதவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அரளியும் குண்டுமல்லியும் இருந்தால் வைகாசிக்குப் போதும். காகிதப்பூவும் சேரலாம். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, இருந்தாலும் நம் கோடைக்கு அளவெடுத்தது போல் பொருந்துகிறது. தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூத்துக் குலுங்கும். தினமும் தண்ணீர் ஊற்றி இலையாக வளர்த்துவிட்டுப் பூக்கவில்லை என்று குறைபடுகிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வெளிநாட்டுச் செடி என்பதால் ஒன்றை நான் ஒதுக்கவில்லை. பன்னிரண்டு மாதமும் பூக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கரின் செடி, அரேகா பாமும் மடகாஸ்கர்தான். ஒன்று வறண்ட மணலிலும் தானே முளைத்துப் பூக்கிறது, மற்றது தண்ணீர் கேட்டு, கோடையில் இலை நுனி கருகி நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பெரிதில்லை. இந்த ஊரின் எந்த மாதத்தில் அது எப்படி இருக்கும் என்பதே என் கேள்வி.

அடைமழைக் காலத்துக்கு வருவோம். இதற்கு யாருமே திட்டமிடுவதில்லை. வெயில் மங்கி, தண்ணீர் தேங்கி, ரோஜா இலையில் கரும்புள்ளி விழுந்து, செவ்வந்தி வேர் அழுகும் காலம். இந்த மாதங்களில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுதான் அதிகம், ஏனென்றால் வெளியே போக முடிவதில்லை. ஆகவே ஜன்னலுக்கு எதிரே இருக்கும் இடத்தை இந்தக் காலத்துக்கு ஒதுக்க வேண்டும். பவழமல்லி அங்கே வரலாம், மழையில் நனைந்த வெட்சியின் சிவப்புக் கொத்து வரலாம். இட்லிப்பூ என்று குழந்தைகள் சொல்வது அதைத்தான். கம்பியில் ஏறும் சங்குப்பூ நீலத்தில் இருக்கும். தண்ணீர் தேங்கும் மூலைக்குக் கல்வாழை. முதல் மழை விழுந்த சில நாட்களில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் மழை லில்லியை நடைபாதை ஓரத்தில் கிழங்காகப் புதைத்துவிட்டால் போதும், அடுத்த ஆண்டு நினைவுபடுத்தாமலே வரும். நம் மாநில மலரான செங்காந்தளும் இந்தக் காலத்துக்கு உரியது. மழைக்கு முளைத்து, பற்றிக்கொண்டு ஏறி, தீநாக்கு போன்ற பூவை விட்டு, பனிக்காலம் முடிவதற்குள் காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். அதன் கிழங்கு கடுமையான நஞ்சு என்பதால் சிறு குழந்தைகளோ நாயோ உள்ள வீட்டில் வேண்டாம். மழைக்காலத் தோட்டத்துக்கு இன்னொரு தேவை மேட்டுப்பாத்தி. ஒரு சாண் உயரம் தூக்கிவிட்டால் பாதி அழுகல் நின்றுவிடும்.

மற்ற மாதங்களை வேகமாகக் கடந்துவிடலாம். மார்கழியில் டிசம்பர் பூ ஊதாவாகவும் வெள்ளையாகவும் வரும், ஒரு முறை வைத்தால் விதை சிந்திப் பெருகிக்கொள்ளும். இரவு நீளும் மாதங்கள் என்பதால் செவ்வந்தி அப்போதுதான் மொட்டுக் கட்டும். ஐப்பசியில் ஒரு பூசணி விதையைப் போட்டால் மார்கழிக் கோலத்துக்கு வீட்டுப் பூசணிப் பூ கிடைக்கும். கொங்கு நாட்டில் காப்புக் கட்டுவதற்கு வேண்டிய ஆவாரம்பூ ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் வேலி ஓரத்தில் பூத்திருக்கும். தை, மாசியில் மாம்பூ. மாசியில் கல்யாணமுருங்கை இலையில்லாக் கிளையில் சிவந்து நிற்கும், நாட்டு வாதாமின் இலை உதிர்வதற்கு முன் செக்கச் செவேல் என்று ஆகும். இலையுதிர் கால வண்ணத்தைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, தெருமுனை வாதாம் மரத்தைக் கடந்து போகிறோம். ஆனி, ஆடி காற்று மாதங்கள், கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும். அப்போது முல்லை இருக்கிறது, வேப்பம்பழத்துக்கு வரும் குயில் இருக்கிறது, ஆடிப்பட்டத்துக்கு விதை போடும் வேலையும் இருக்கிறது.

இது கிழக்குச் சமவெளியின் கணக்கு. நாகர்கோவிலில் ஆனியிலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், அங்கே ஆனி வெறிச்சென்று இருக்காது. கோவைக்கும் கணக்கு மாறும், கொடைக்கானலுக்கு முற்றிலும் வேறு. ஒரே செடிப் பட்டியலை எல்லா ஊருக்கும் விற்பவர்களை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

குப்பை சேரும் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இந்தச் சொல்தான் பல மரங்களைக் கொன்றிருக்கிறது. பூ உதிர்வது குப்பை, இலை உதிர்வது குப்பை என்று மரத்தை வெட்டிவிட்டு, பிறகு செம்மண் ஒரு லோடும் எரு ஒரு லோடும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். உதிர்ந்த இலையைச் செடியின் அடியில் மூன்று விரல் உயரத்துக்குப் பரப்பினால் அதுதான் மூடாக்கு. கோடையில் மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கும், களையை அடக்கும், மழைக்காலம் முடிவதற்குள் மக்கி எருவாகும். பங்குனியில் புங்கமும் அரசும் இலை கொட்டுவது சரியாகக் கோடைக்கு முன்னால்தான். மூடாக்கு தேவைப்படும் மாதத்தில் மரமே கொண்டுவந்து போடுகிறது. பெருக்கிக் குவித்துக் கொளுத்துவது பணத்தைக் கொளுத்துவதுதான். வாசலும் நடைபாதையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சரி. அதற்கு உதிரும் மரத்தை வாசலுக்கு நேரே நடாமல் பக்கவாட்டில் நட்டால் போதும்.

பாம்பு வரும் என்கிறார்கள். மனோரஞ்சிதத்துக்கும் தாழைக்கும் மல்லிகைக்கும் பாம்பு வரும் என்று சொல்லிச் சொல்லி இந்தச் செடிகளை வீட்டை விட்டே விரட்டிவிட்டோம். பூவின் மணத்தைத் தேடிப் பாம்பு வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது, ஒளிந்துகொள்ளச் செங்கல் குவியலும் பழைய பலகையும் அடர்ந்த புதரும் இருந்தால் தங்குகிறது. வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடி இடத்தை வெறுமையாக விட்டு, எலிக்குத் தீனி கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் மனோரஞ்சிதம் தாராளமாக வைக்கலாம். அஸ்திவாரத்தை வேர் பிளக்கும் என்ற அச்சத்தில் மட்டும் நியாயம் உண்டு. அரசும் ஆலும் சுவரில் முளைத்தால் விடக்கூடாது, வேம்பை வீட்டிலிருந்து மூன்றடியில் நடக்கூடாது. சிறிய மனையில் மரம் வேண்டும் என்பவர்களுக்குப் பவழமல்லியும் கறிவேப்பிலையும் இருக்கின்றன.

மனை சிறியது என்பதும் ஒரு மறுப்பாகவே வைக்கப்படுகிறது. அரை கிரவுண்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் செடி எங்கே வைப்பது என்கிறார்கள். இடம் சிறுத்தால் திட்டத்தின் தேவை கூடுகிறது. முன்னால் பதினைந்தடிக்குப் பத்தடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் பவழமல்லி. வாசல் வளைவில் முல்லைக்கொடி, அதோடு சங்குப்பூ. வெயில் படும் சுவரில் குண்டுமல்லி, அதன் காலடியில் டிசம்பர் பூ. நிரந்தரமாகப் பசுமை வேண்டிய இடத்தில் வெட்சியும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும். இவை ஏறக்குறைய எல்லா மாதமும் பூக்கும், கத்தரித்து ஒழுங்காகவும் வைக்கலாம். தரையில் மெக்சிகன் புல்லுக்குப் பதில் பொடுதலையைப் படரவிடுங்கள். மிதித்தாலும் தாங்கும், சின்னப் பூ விடும், வண்ணத்துப்பூச்சி மொய்க்கும். அருகம்புல்லும் நல்லதுதான். கோடையில் பழுக்கும், முதல் மழையில் எழுந்துவிடும், அதைச் சாவு என்று நினைத்துத் தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை. இரண்டும் வேண்டாம் என்றால் நம் வீடுகளில் இருந்த மண் முற்றத்தைப் பெருக்கித் தெளித்து வைத்திருப்பதும் அழகே. பார்வைக்கு ஒரு வெற்றிடம் வேண்டும் என்பதற்காகத்தான் புல்வெளி போடுகிறார்கள், அந்த வேலையை முற்றம் பல நூறு ஆண்டு செய்திருக்கிறது.

மாறாத பச்சைக்குத் தோட்டத்தில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பருவத்தில் வந்து போகும் செடிகளைப் பின்னால் நின்று தாங்க நிலையான இலைத்திரை வேண்டும். அதற்கு மகிழமும் புன்னையும் நந்தியாவட்டையும் இருக்கின்றன. கடற்கரை ஓரத்தில் உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளுக்குப் புன்னையையும் பூவரசையும் விடப் பொருத்தமானவை இல்லை. நிழல் மூலையில் ஒரு குரோட்டன்ஸ் இருப்பதால் குடி முழுகிவிடாது. பின்னணியையே முழுத் தோட்டமாக்கி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அழகுக்கு வெளியே உள்ள விஷயமாக ஒதுக்குகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. டுராண்டா வேலியை வாரம் ஒருமுறை கத்தரித்தால் பூவும் இல்லை, காயும் இல்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் அழகி என்று பெயர் பெற்ற வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும், எருக்கில் வெந்தய வரியன் வளரும். மழைக்கு முன்னும் பின்னும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகள் கிலுகிலுப்பைச் செடியைக் கண்டால் இறங்கும். அரளிக்கும் செம்பருத்திக்கும் தேன்சிட்டு வரும். மெக்சிகன் புல்லும் அரேகா பாமும் மட்டும் உள்ள தோட்டத்தில் அசைவு கிடையாது. அசைவே இல்லாத இடத்தைப் பன்னிரண்டு மாதமும் ஈர்க்கும் தோட்டம் என்று அழைக்க என்னால் முடியாது.

ஆகவே தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் நர்சரிக்குப் போகாதீர்கள். சித்திரை முதல் பங்குனி வரை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தெருவில், பக்கத்துக் கோயிலில், பழைய வீடுகளில் எந்த மாதம் என்ன பூக்கிறது என்று ஓர் ஆண்டு கவனித்து எதிரே குறியுங்கள். வைகாசிக்கும் கார்த்திகைக்கும் எதிரே வெற்றிடம் இருந்தால் அதை முதலில் நிரப்புங்கள். செடியை ஒரே நாளில் வாங்காமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்குங்கள். தோட்டம் போட்டுத்தர வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அக்னி நட்சத்திரத்தில், தண்ணீர் லாரி வராத வாரத்தில் இங்கே பார்க்க என்ன இருக்கும்? அடைமழை பெய்யும் ஐப்பசியில் என் ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கும்? இந்த இரண்டுக்கும் செடியின் பெயர் சொல்லிப் பதில் தர முடியாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.